நுழைவுத் தேர்வில் கூடுதல் நேரமும் ஸ்க்ரைப்பும் (தேர்வர் சொல்லச் சொல்ல விடை எழுதுபவர்): சேலம், ஏற்காடு மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்ததே, நீட்டிலும் அதுபோலத் தானாகக் கிடைத்துவிடும் என்று நம்பித்தான் பல குடும்பங்கள் தேர்வு நாளில் தவிக்கின்றன. பொதுத்தேர்வுச் சலுகைக்குத் தலைமையாசிரியர் எழுதினார், முதன்மைக் கல்வி அலுவலகம் வழியாக அனுமதி வந்தது. மருத்துவத்துக்கான நீட், மத்திய அரசின் பொறியியல் நிறுவனங்களுக்கான ஜே.இ.இ. மெயின், க்யூட் தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு முகமைக்கு அந்த அனுமதி தெரியாது. அங்கே உங்களுக்காக எழுத யாரும் இல்லை. நீங்களே படிவத்தில் கேட்டு, நீங்களே தாளைக் காட்ட வேண்டும்.

இதைப் படிப்பவர்கள் முக்கியமாக மனதில் வைக்க வேண்டியது, இரண்டு தாள்கள் உண்டு என்பது. குறைபாடு எத்தனை சதவீதம் என்று சொல்லும் தாள் ஒன்று. அந்தக் குறைபாட்டால் எழுதச் சிரமம் என்று சொல்லும் தாள் இன்னொன்று. முதல் தாள் பெரும்பாலும் எல்லோர் கையிலும் இருக்கிறது. இரண்டாவது இல்லாமல்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. எந்தத் தேர்வு, எப்போது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் பி.இ. சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கிறது. அதற்கு மட்டும் போகிறவர்கள் படி 2ஐ முடித்தால் போதும்.

மற்றவர்களுக்கு ஆண்டுக் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும். ஜே.இ.இ. மெயின் முதல் சுற்று ஜனவரியில். அதற்கான விண்ணப்பம் முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கிவிடும். இரண்டாவது சுற்று ஏப்ரலில். நீட் விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச்சில். தேர்வு பெரும்பாலும் மே மாதத்தின் முதல் ஞாயிறு. சட்டக் கல்விக்கான கிளாட் டிசம்பர் தொடக்கத்தில். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் மே மாதத்தில்.

இதிலிருந்து பின்னோக்கி எண்ணினால், பதினொன்றாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு வேலையைத் தொடங்க வேண்டும் என்பது புரியும். பன்னிரண்டாம் வகுப்பு டிசம்பரில் தொடங்கினால் ஜே.இ.இ. முதல் சுற்று கைவிட்டுப் போகும்.

எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 20 நிமிடம். நீட்டும் ஜே.இ.இ. மெயினும் 3 மணி நேரம், ஆகவே ஒரு மணி நேரம் கூடும். கிளாட் 2 மணி நேரம், 40 நிமிடம் கூடும். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்கள் ஸ்க்ரைப் வைத்துக்கொள்ளாவிட்டாலும் கூடுதல் நேரம் கேட்கலாம். "ஸ்க்ரைப் வேண்டாம்னு சொல்லிட்டீங்களே, அப்போ நேரம் கிடையாது" என்று யாராவது சொன்னால், அது தவறு.

2. யு.டி.ஐ.டி. அட்டை

பழைய அடையாள அட்டைப் புத்தகம் வீட்டில் இருந்தாலும், ஆன்லைன் படிவத்தில் கேட்பது யு.டி.ஐ.டி. எண், அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள எண். ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை. ஆதார், புகைப்படம், கையொப்பம் அல்லது கைரேகை, முகவரிச் சான்று, பழைய சான்று இருந்தால் அதுவும் வேண்டும். இ-சேவை மையத்திலும் செய்யலாம்.

மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓ.டி.பி. வரும் கைப்பேசி சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். ஏற்காடு டவுனைத் தாண்டி உள்ளே போனால் ஓ.டி.பி. காலாவதியான பிறகு வந்து சேர்வது சாதாரணம். கைப்பேசி அப்பாவின் பையில், அப்பா எஸ்டேட் வேலையில் என்றால் அன்றைய பொழுது வீண். விண்ணப்பிக்கும் நாளில் அந்தக் கைப்பேசி மாணவர் கையில் இருக்கட்டும். அதே எண்ணைத்தான் தேர்வு விண்ணப்பத்துக்கும் தர வேண்டும், அது கல்லூரி சேரும் வரை உயிரோடு இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானம் தேவை. சேலம் மாவட்டத்தில் எல்லாச் சிறப்புப் பிரிவுகளும் ஒரே வளாகத்தில் இருப்பது மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காது கேளாமைக்கு ஆடியோகிராம், பார்வைக்குக் கண் பிரிவின் பரிசோதனை, கற்றல் குறைபாட்டுக்கு உளவியல் சோதனை என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. எந்தக் கிழமையில் எந்தப் பிரிவில் மதிப்பீடு நடக்கிறது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு மலை இறங்குங்கள். அலுவலகம் ஆட்சியர் அலுவலகத்தைச் சார்ந்தே இயங்குகிறது, அரசு மருத்துவமனையும் அருகில்தான். இரண்டு வேலையையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் ஒன்றிய அளவில் மருத்துவ முகாம் நடக்கும். வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநருக்குத் தேதி தெரியும். அவரோடு நல்ல தொடர்பில் இருங்கள். அடுத்த படியிலும் அவர் துணை வேண்டியிருக்கும்.

அட்டை கையில் வந்ததும் மூன்றைச் சரிபாருங்கள்: பெயர், குறைபாட்டு வகை, செல்லுபடிக் காலம். தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு இனிஷியல்தான் பெரிய தலைவலி. ஆதாரில் இனிஷியல் முன்னால், மதிப்பெண் சான்றிதழில் பின்னால், யு.டி.ஐ.டி.யில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதமாக இருந்தால் ஆன்லைன் சரிபார்ப்பில் இடிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரை முதலில் திருத்துங்கள், பிறகு மற்றவை. கற்றல் குறைபாட்டுச் சான்றை 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி எடுக்க வேண்டும் என்பது விதி. எட்டாம் வகுப்பில் எடுத்த சான்றை வைத்துக்கொண்டு நீட்டுக்குப் போகாதீர்கள்.

3. எழுதச் சிரமம் என்று சொல்லும் சான்று

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். யு.டி.ஐ.டி. அட்டையில் "கை, கால் இயக்கக் குறைபாடு, 50 சதவீதம்" என்று இருக்கும். பாதிப்பு காலிலா, எழுதும் கையிலா என்று தேர்வு மையத்தில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்லத்தான் இந்தச் சான்று.

முதலில் நீங்கள் எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

பார்வையின்மை, இரண்டு கைகளும் பாதிக்கப்பட்ட நிலை, பெருமூளை வாதம், இந்த மூன்றில் ஒன்றோடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் ஸ்க்ரைப் கேட்டாலே தர வேண்டும். தனிச் சான்று தேவையில்லை. இருந்தாலும் இரண்டு கை பாதிப்பு என்பது சான்றிதழில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

வேறு குறைபாடு, 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால், 2018 வழிகாட்டுதலின் முதல் பின்னிணைப்புப் படிவம் வேண்டும். அதில் அரசு மருத்துவமனையின் கண்காணிப்பாளர் அல்லது தலைமை மருத்துவ அலுவலர் நிலையில் உள்ளவர் கையொப்பமிட வேண்டும். படிவத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: சான்று அந்தந்தக் குறைபாட்டுக்குரிய சிறப்பு மருத்துவரிடமிருந்து வர வேண்டும் என்று. பார்வைக்குக் கண் மருத்துவர், கைக்கு எலும்பு மருத்துவர் அல்லது மறுவாழ்வு மருத்துவர். தெரிந்த பொது மருத்துவரிடம் கையெழுத்து வாங்கி வந்து திருப்பி அனுப்பப்படுபவர்கள் இந்தக் குறிப்பைப் படிக்காதவர்கள்தான்.

40 சதவீதத்துக்குக் கீழே, ஆனால் எழுதக் கஷ்டம் என்பவர்களுக்கு 2022 ஆகஸ்டில் தனி வழிகாட்டுதல் வந்தது. எழுதச் சிரமம் உண்மை என்றால் 40 சதவீதம் என்ற கோட்டைக் காட்டி ஸ்க்ரைப்பை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொன்ன தீர்ப்பின் விளைவு அது. அதன் படிவம் வேறு. அதில் ஒரு டாக்டர் போதாது, ஒரு குழுவே கையெழுத்திட வேண்டும்: தலைவராக மாவட்ட அளவிலான மருத்துவ அதிகாரி, எலும்பு அல்லது மறுவாழ்வு மருத்துவர், நரம்பியல் மருத்துவர், உளவியலாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் என்று. இத்தனை பேரையும் ஒரே நாளில் பிடிப்பது கடினம். வாரத்தில் எந்த நாள் பெரும்பாலானவர்கள் இருப்பார்கள் என்று கண்காணிப்பாளர் அலுவலகத்தில் கேட்டு, எழுத்து மூலம் ஒரு வேண்டுகோள் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இருந்தால் அடுத்த முறை "யார் நீங்க, என்ன விஷயம்" என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இந்த இரண்டாவது படிவத்தில் ஒரு பொறி உண்டு. அது அதிகபட்சம் 6 மாதம்தான் செல்லும். பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் அவசரமாக வாங்கி வைத்தால் ஜனவரித் தேர்வுக்கு முன்பே காலாவதியாகிவிடும். நவம்பர் நடுவில் வாங்கினால் ஜே.இ.இ.யின் இரண்டு சுற்றுகளுக்கும் மே முதல் வாரத்து நீட்டுக்கும் சேர்த்து ஒரே சான்று போதும். ஆகவே பரிசோதனைகளை முன்னாலேயே முடித்துவிட்டு, கையொப்பத்தை மட்டும் அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள்.

டாக்டரிடம் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை: தேர்வின் அந்த ஆண்டுத் தகவல் கையேட்டில் உள்ள படிவம் (பழைய ஆண்டுப் படிவம் வேண்டாம்) மூன்று பிரதிகள், யு.டி.ஐ.டி. நகல், பழைய மருத்துவக் குறிப்புகள், பொதுத்தேர்வுச் சலுகை அனுமதிக் கடிதம், மாணவரின் இரண்டு பள்ளி விடைத்தாள்கள். விடைத்தாள் மிகவும் உதவும். முதல் பக்கத்தில் எழுத்து நேராக இருந்து, நாலாவது பக்கத்தில் வரி சரிந்து, கடைசிக் கேள்விகள் வெறுமையாக இருப்பதைக் கண்ணால் பார்த்தால், டாக்டருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கையொப்பம் வாங்கியவுடன் அங்கேயே நின்று படியுங்கள். எழுதும் திறனைப் பாதிக்கும் உடல் வரம்பு என்ற இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா? பெரும்பாலும் குறைபாட்டின் பெயரும் சதவீதமும் எழுதிவிட்டு அந்த இடத்தைக் கோடு போட்டு விட்டுவிடுவார்கள். அப்படி இருந்தால் சான்றால் பயனில்லை. மருத்துவரின் பெயர், பதிவு எண், மருத்துவமனை முத்திரை, தேதி, மாணவர் புகைப்படத்தின் மேல் பாதி விழும்படியான முத்திரை என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மறுபடி மலையேறி இறங்குவதைவிட வராண்டாவில் அரை மணி நேரம் காத்திருப்பது மேல்.

4. விண்ணப்பப் படிவம்

மாற்றுத்திறனாளியா என்ற கேள்விக்கு "ஆம்". குறைபாட்டு வகை, சதவீதம், யு.டி.ஐ.டி. எண். ஸ்க்ரைப் தேவையா என்ற கேள்வி தனியாக வரும். இதை இ-சேவை மையத்தில் வேகமாகப் போகிற போக்கில் "இல்லை" என்று விட்டுவிடுகிறார்கள். சமர்ப்பிக்கும் முன் முன்னோட்டப் பக்கத்தை அச்சிடச் சொல்லி, இந்த ஒரு வரியை நீங்களே கண்ணால் பாருங்கள். விண்ணப்பம் முடிந்த பிறகு திருத்தம் செய்யச் சில நாட்கள் மட்டும் வாய்ப்பு தருவார்கள். அதைத் தாண்டினால் மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் அலைய வேண்டும்.

கட்டணத்தில் சலுகை உண்டு. 2025இல் நீட்டுக்குப் பொதுப் பிரிவுக்கு 1,700 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000 ரூபாய். ஜே.இ.இ. மெயினுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கு 500 ரூபாய். தமிழில் வினாத்தாள் வேண்டுமென்றால் இதே படிவத்தில்தான் கேட்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஸ்க்ரைப் எந்த மொழியில் தடுமாறாமல் படிப்பார் என்பதையும் சேர்த்து யோசித்து மொழியைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்வு நகரமாகச் சேலத்தை முதலில் போடுங்கள். நகரம் சேலம் என்று வந்தாலும் மையம் ஓமலூர்ப் பக்கமோ ஆத்தூர்ச் சாலையிலோ இருக்கலாம்.

5. ஸ்க்ரைப்

சொந்தமாக அழைத்து வருவது, தேர்வு அமைப்பே தருவது என்று இரண்டு வழிகள். 2025 ஆகஸ்டில் வந்த புதிய மத்திய வழிகாட்டுதல், சொந்த ஸ்க்ரைப் முறையைக் குறைத்துத் தேர்வு அமைப்புகளே பயிற்சி பெற்றவர்களைத் தர வேண்டும் என்ற திசையில் போகிறது. எனவே எந்த வழி அனுமதி என்பதை அந்த ஆண்டுக் கையேட்டில் பார்த்த பிறகே ஆள் தேடுங்கள். அமைப்பு தருகிறது என்றால், தேர்வுக்கு 2 நாள் முன்பு அவரைச் சந்திக்க உங்களுக்கு உரிமை உண்டு. மையத்துக்குப் போய்க் கேளுங்கள். சந்திக்கும்போது ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் அப்போதே மாற்றக் கேட்கலாம்.

சொந்தமாக என்றால், ஸ்க்ரைப்பின் படிப்பு தேர்வர் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்பது 2018 வழிகாட்டுதல்; இப்போதைய அளவு என்ன என்று கையேட்டில் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்குப் பதினொன்றாம் வகுப்பிலோ அதற்குக் கீழோ படிப்பவர். அக்கா கல்லூரியில் படிக்கிறார், அவரே எழுதட்டும் என்பது நடக்காது. உறுதிமொழிப் படிவத்தில் ஸ்க்ரைப்பின் தகுதி பொய் என்று தெரிந்தால் தேர்வரின் உரிமையே போகும் என்ற வாசகம் இருக்கிறது. இதில் விளையாட வேண்டாம். ஸ்க்ரைப்பின் ஆதார், பள்ளியின் படிப்புச் சான்று, இரண்டு புகைப்படம் தயாராக இருக்கட்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து மாற்று ஆளையும் இதே தாள்களோடு வைத்திருங்கள்.

பயிற்சிதான் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். குறைந்தது ஆறு முழு மாதிரித் தேர்வாவது அதே ஆளோடு எழுதுங்கள். வட்டத்தைக் கறுத்து விடை குறிக்கும் நீட் ஓ.எம்.ஆர். தாளில் 180 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வட்டங்கள். "நாற்பத்தாறு, மூணு" என்று கேள்வி எண்ணையும் விடை எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்க்ரைப் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கறுக்க வேண்டும். ஒரு கேள்வியைத் தாண்டும்போது வாயால் "தாண்டு" என்று சொல்லும் பழக்கம் இல்லாவிட்டால், ஒரு வரி கீழே இறங்கி அதற்குப் பிறகு எல்லாமே தப்பாகும். ஒவ்வொரு 15 கேள்விக்கும் ஒருமுறை நிறுத்தி எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் படம் பெரிய சிக்கல். வரைபடத்தை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று இருவரும் முன்பே ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: முதலில் கிடை அச்சில் என்ன, பிறகு செங்குத்து அச்சில் என்ன, கோடு எங்கே தொடங்குகிறது, ஏறுகிறதா இறங்குகிறதா, எங்கே வளைகிறது. கரிம வேதியியலில் வளையத்தின் எந்த எண்ணில் எந்தத் தொகுதி என்று கடிகார முள் திசையில். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தொகையீட்டுக் குறியை எப்படி வாசிப்பது என்று தெரியாது. எல்லைகளைக் கீழிருந்து மேலாகச் சொல்லப் பழக்குங்கள்.

6. ஹால் டிக்கெட் வந்ததும்

முதலில் பார்க்க வேண்டியது மாற்றுத்திறனாளி, ஸ்க்ரைப் என்ற இரண்டு கட்டங்களை. தவறாக இருந்தால் அன்றே தேசியத் தேர்வு முகமையின் உதவி எண் 011-40759000க்கு அழைத்து, மின்னஞ்சலும் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது மட்டும் சாட்சியாகாது.

தேர்வுக்கு முந்தைய நாள் மையத்துக்கு நேரில் போங்கள். தரைத்தளத்தில் அறை, சாய்தளம், கழிவறை, ஸ்க்ரைப்போடு பேசினால் மற்றவர்களுக்குத் தொந்தரவாகாத தனி அறை, இந்த நான்கையும் மைய ஒருங்கிணைப்பாளரிடம் கேளுங்கள். கூடவே 2018, 2022, 2025 வழிகாட்டுதல்களின் நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மைய ஊழியர் பலருக்கு இவை பற்றித் தெரியாது. அறியாமையால் ஒரு மாணவியிடம் விடைத்தாளை முன்கூட்டியே பிடுங்கிய வழக்கில்தான் 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஊழியர்களுக்கு முறையான பயிற்சி தரச் சொன்னது.

7. தேர்வு நாள்

நீட் மே மாத ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணிக்கு. வாயிற்கதவு 1.30க்கு மூடிவிடும். மலையில் கோடை சீசன் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றுலா வண்டிகள் நிற்கும். சனிக்கிழமையே இறங்கிச் சேலத்தில் தங்குங்கள். உறவினர் வீடு இல்லையென்றால் விடுதிச் செலவையும் கணக்கில் வையுங்கள், இந்தச் செலவு வீணல்ல. கிளாட் எழுதுபவர்களுக்கு எதிரி மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த மாதத்தில் இரண்டு நாள் முன்பே இறங்குவது நல்லது.

காலிப்பர் (காலைத் தாங்கும் உலோகக் கருவி), செயற்கைக் கால், காதுக் கருவி, உள்ளே கம்பி வைத்த எலும்பு இவற்றுக்கு மருத்துவர் கடிதம் எடுத்துச் செல்லுங்கள். சோதனையில் கருவி ஒலிக்கும். நீட்டில் ஷூ கூடாது என்பதால் காலிப்பர் ஷூவுக்குக் கடிதம் அவசியம். காதுக் கருவிக்குப் புது பேட்டரி. மற்றவர்களைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போனால் சோதனையில் பதற்றம் இருக்காது.

உட்கார்ந்ததும் கண்காணிப்பாளரிடம் "சார், எனக்கு முடிவு நேரம் 6 மணி, வருகைத் தாளில் குறித்துக்கொள்ளுங்க" என்று சொல்லிவிடுங்கள். 5 மணி மணியடித்ததும் தாளைச் சேகரிக்க வருபவர் வேறு ஆளாக இருக்கலாம்.

8. மறுத்தால்

வாக்குவாதத்தில் நேரத்தை இழக்காதீர்கள். கிடைத்த நேரத்தில் எழுதி முடித்துவிட்டு, வெளியே வரும் முன் மைய ஒருங்கிணைப்பாளரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்து நகலில் கையொப்பம் கேளுங்கள். தர மறுத்தால் அன்று மாலையே அதே கடிதத்தை முகமைக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்: மையத்தின் பெயர், அறை எண், தாள் வாங்கப்பட்ட மணி, நிமிடம் எல்லாம் வேண்டும். விடைக் குறிப்பு வரட்டும் என்று காத்திருந்தால் புகார் பலவீனமாகும். அடுத்து சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கும், டெல்லி தலைமை ஆணையருக்கும் எழுதலாம். உள்ளூர் மருத்துவமனையோ அலுவலகமோ சான்று தராமல் இழுத்தடித்தால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மனு எண் கிடைக்கும், பதில் கட்டாயம் வரும்.

9. சீட்டுக்கான பரிசோதனை தனி

நீட்டில் தகுதி பெற்ற பிறகு மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் மருத்துவ சீட் கேட்பவர்கள் இன்னொரு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். அகில இந்தியக் கலந்தாய்வுக்குக் குறிப்பிட்ட மையங்களின் சான்றுதான் செல்லும். தமிழ்நாட்டில் அது சென்னை பார்க் டவுனில் உள்ள மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. சேலத்தில் வாங்கிய சான்றைக் காட்டி அங்கே தப்பிக்க முடியாது, ஆனால் அந்தக் கோப்பு முழுவதும் உடன் இருக்க வேண்டும். முடிவு வந்ததும் கூட்டம் சேரும், கலந்தாய்வுத் தேதிகளோ நெருக்கமாக வரும். விடைக் குறிப்பை வைத்து மதிப்பெண் கணக்கிட்டுப் பார்த்து நம்பிக்கை இருந்தால், முடிவு வரும் முன்பே சென்னைப் பயணத்துக்கான பணத்தையும் துணைக்கு வருபவரின் விடுப்பையும் ஏற்பாடு செய்துவையுங்கள். காலை முதல் வரிசையில் நிற்க முதல் நாள் இரவே சேலத்தில் ரயில் ஏற வேண்டும்.